சேசி அதிர்வும் சொகுசுக் கார்களும்: 1920-36 காலச் சோதனைகள்

திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-இல் தயாராகத் தொடங்கிய மிட்சுபிஷி லான்சருக்குத் தனிச் சேசி கிடையாது. பின்னர் அங்கேயே பூட்டப்பட்ட பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். ஏணிச் சட்டத்தின்மேல் நின்றது. இரண்டிலும் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கின. இன்று யாரும் பொருட்படுத்தாத இந்த ஏற்பாடு, சொகுசுக் கார்களின் சேசி நடுக்கத்தைப் போக்க நடந்த சோதனைகளில் உருப்பெற்றது.

1920களில் விலையுயர்ந்த கார் என்றால் நீண்ட இரும்புச் சட்டம், முன்னால் முழு ஆக்சில், விறைப்பான லீஃப் ஸ்பிரிங். முன்சக்கர பிரேக்கும் பலூன் டயரும் வந்தபின் நிலைமை மோசமானது. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் உதறும்; சட்டம் முறுகி நடுங்கும். ரோல்ஸ்-ராய்ஸுக்கே இதில் தலைவலி. இங்கிலாந்தில் பாராட்டு பெற்ற வண்டிகள் வெளிநாட்டுச் சாலைகளில் எடுபடவில்லை. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1921 முதல் 1931 வரை இயங்கிய அதன் கிளை ஆலையின் பொறியாளர் மாரிஸ் ஆலி இதை நேரில் கண்டவர். நிறுவனம் முழுக் காரையும் தொங்கவிட்டு ஆட்டி அதன் நிலைமத் திருப்புத்திறனை அளந்தது. சட்டத்தின் விறைப்பைச் சோதித்தது. நின்ற வண்டியின் சக்கரங்களுக்கடியில் மேடு வைத்த உருளைகளைச் சுழற்றிக் குலுக்கியது.

இதற்கிடையே குறுக்குவழி ஒன்றும் புழக்கத்துக்கு வந்தது. பேக்கார்டு தன் முன்பம்பரின் இரு முனைகளிலும் ஸ்பிரிங்கில் மிதக்கும் எடைகளை வைத்தது. சட்டம் ஒரு பக்கம் ஆட, எடை எதிர்ப்பக்கம் ஆடி அதிர்வை விழுங்கும். கெட்டிக்காரத்தனம்தான்; ஆனால் நோயை விட்டுக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த கதை.

1930-இல் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக்கில் சேர்ந்த ஆலி, 1932-இல் ஏழு பேர் அமரும் லிமோசின் ஒன்றைச் சோதனை வண்டியாக்கினார். அதன் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகள் இருந்தன. எடையை மாற்றுவது, ஸ்பிரிங்கை மாற்றுவது, ஏறி உட்கார்ந்து பார்ப்பது: முறை இவ்வளவே. சொகுசை அளக்கக் கருவி இல்லாததால் பயணியின் உடம்பே கருவி. அறிவியலுக்கு இது குறைவு என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அங்கே உட்காருபவர்தானே.

கிடைத்த முடிவு அன்றைய வழக்கத்துக்கு நேர்மாறானது: முன் ஸ்பிரிங் பின்னதைவிட மென்மையாக இருக்க வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்பக்கம் சற்றுத் தாமதமாகத்தான் எழும். பின்பக்கம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். முன்னும் பின்னும் மாறி மாறித் தூக்கிப் போடுவது நின்று, வண்டி சமமாக எழுந்து தாழும். முன்பக்க விறைப்பு பின்னதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்ற அவரது விதி பாடநூல்களில் இன்றும் உண்டு.

சிக்கல் அங்கேதான் வந்தது. முழு ஆக்சிலின்மேல் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் ஸ்டியரிங் உதறல் கூடும். ஆகவே ஆக்சிலையே கழற்ற வேண்டியதாயிற்று. 1934 மாடல் காடிலாக்கில் தனித்தனி முன்சக்கரத் தொங்கல் வந்தது. 1936-இல் ரோல்ஸ்-ராய்ஸ் ஃபாண்டம் III ஜெனரல் மோட்டார்ஸ் வழியைப் பின்பற்றியது. அதன் பின்பக்கம் மட்டும் லீஃப் ஸ்பிரிங்கிலேயே நின்றது. பின்னாளில் திருவள்ளூரில் இசூசுக்காகப் பூட்டப்பட்ட டி-மேக்ஸ் பிக்கப்பிலும் அப்படித்தான். காலியாக ஓடினாலும் சுமையோடு ஓடினாலும் தாங்க வேண்டிய வண்டியில் பின் ஸ்பிரிங்கை இஷ்டத்துக்கு மென்மையாக்க முடியாது.