வளரிளம் பருவ மனச்சோர்வு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

வளரிளம் பருவ மனச்சோர்வு, பத்து வயதுக்கு மேல் இருபது வயதுக்குள் தொடங்கும் மனநோய்களில் முக்கியமானது. நாளின் பெரும்பகுதி துக்கமாகவோ எரிச்சலாகவோ இருப்பது, முன்பு ஆசையாகச் செய்த எதிலும் நாட்டமில்லாமல் போவது ஆகிய இரண்டில் ஒன்றாவது இந்நோயில் கட்டாயம் இருக்கும். அதோடு தூக்கம், பசி, கவனம், உடல் தெம்பு கெடுதல், தன்னையே வெறுத்தல், சாவைப் பற்றிய எண்ணம் போன்றவை சேர்ந்து மொத்தம் 5 அறிகுறிகளாவது 2 வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, படிப்பையும் பழக்கவழக்கத்தையும் பாதித்தால் மருத்துவர்கள் இதை மனச்சோர்வு என்று முடிவு செய்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருப்பதாகக் கண்டது.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிக் கரிசல் பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் குதிரைவாலியும் விதைக்கிறார்கள். மழை பொய்த்தால் கண்மாய் நிரம்பாது; தகப்பன் வெளியூர் வேலைக்குப் போவார், மூத்த பிள்ளை தறிக்கோ மில்லுக்கோ போகும். வறுமை மட்டும் மனச்சோர்வைக் கொண்டுவருவதில்லை. ஆனாலும் விவசாய வருமானத்துக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த பகுதிகளில் தற்கொலைகள் சுமார் 18 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வின்படி, மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும் அவை குறைந்தன.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு அழுத்தமும் உண்டு. பிளஸ் 2 தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் இருந்தது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். அதன் மறுபக்கமாக, விடிகாலை 5 மணிக்கு எழுப்பிப் படிக்க உட்கார்த்துவதும், சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டிய பிறகு கடைசிப் பேருந்தில் ஊர் திரும்புவதும் இங்கே சாதாரணமாகிவிட்டன. பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பது ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. எனவே அந்த வயதில் இரவு சீக்கிரம் தூக்கம் வராது, விடியலில் எழ முடியாது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது அநியாயம். தூக்கக் குறைவு மனச்சோர்வின் அறிகுறி. அந்நோயைத் தூண்டும் காரணமும் அதுவே.

மூளையில் நடப்பது

பருவ வயதில் மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. பயம், கோபம், அவமானம் போன்றவற்றை உடனே பதிவு செய்யும் அமிக்டலாவும், பரிசையும் மகிழ்ச்சியையும் எதிர்பார்க்க வைக்கும் ஸ்ட்ரையேட்டமும் முன்கூட்டியே வேகமெடுக்கின்றன. அவற்றை நிதானப்படுத்த வேண்டிய முன்நெற்றிப் புறணி முழுதாக முதிர 25 வயது வரை ஆகிறது. இந்த இடைவெளியில் பயன்படாத நரம்பிணைப்புகள் கத்தரிக்கப்படுகின்றன, பயன்படுபவை வலுப்பெறுகின்றன. மனச்சோர்வுள்ள பிள்ளைகளை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில், சோகமான முகத்தைக் கண்டதும் அமிக்டலா கூடுதலாகக் கிளர்வதும், பரிசு கிடைக்கும்போது ஸ்ட்ரையேட்டம் மந்தமாக இயங்குவதும் தெரிந்தன. "எதுவும் பிடிக்கல" என்று பிள்ளை சொல்வதற்கு மூளையில் உள்ள ஓர் ஆதாரம் இந்த மந்தம்.

நீண்ட நாள் நெருக்கடி இருந்தால் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரீனல் சுரப்பிகளின் தொடர் ஓயாமல் வேலை செய்து கார்ட்டிசால் அளவைக் கூட்டிவைக்கிறது. நினைவுக்கும் மனநிலைக்கும் தேவையான ஹிப்போகாம்பஸ் இதனால் நலிகிறது. பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடு என இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. பூப்பெய்துவதற்கு முன் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகப் பாதிக்கப்படுகிறார்கள். அதற்குப் பின் பெண்பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்காகிறது. ஹார்மோன் மாற்றம் இதற்கு ஒரு காரணம். வெளியே போகத் தடை, கல்யாணப் பேச்சு, பாலியல் சீண்டல் என அந்த வயதில் அவர்கள் மேல் விழும் சுமைகளும் காரணமே.

செரட்டோனின் குறைவதே மனச்சோர்வு என்ற விளக்கம் பல காலம் செல்வாக்கோடு இருந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜோவன்னா மான்கிரீஃப் குழு 2022இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு, அதற்கு உறுதியான சான்று இல்லை என்று கூறியது. ஆனால், மாத்திரையால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நரம்பிணைப்புகள் புதிதாக அமைய உதவும் வளர்ச்சிக் காரணிகளை மருந்துகள் மெல்லத் தூண்டுகின்றன என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். மருந்தின் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆவதும் அதனோடு பொருந்துகிறது.

அடையாளம் காணுதல்

கிராமத்துப் பிள்ளை "மனசு சரியில்லை" என்று மருத்துவரிடம் சொல்வது அபூர்வம். தலைவலி, வயிற்றுவலி, உடம்பு அசதி, நெஞ்சு படபடப்பு என்றுதான் சொல்லும். மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை, பிறகு குளுக்கோஸ் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் காத்துக்கருப்பு என்று கோடாங்கி, தாயத்து என மாதங்கள் கழிகின்றன. பையன்களிடம் துக்கம் கோபமாக வெளிப்படுவதால் "திமிர்" என்று பெயர் வாங்குகிறார்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் பதிலாக அது ஆகிவிடக் கூடாது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தது, மருத்துவம் எட்டாத குடும்பங்களின் கதியை நாட்டுக்கே காட்டியது.

முதல் முறை பார்க்கும்போதே ஹீமோகுளோபினும் தைராய்டும் பரிசோதிக்கப்பட வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே அசதியையும் ஆர்வமின்மையையும் தரும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள்.

சிகிச்சை

லேசான மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படுவதில்லை. தூக்க ஒழுங்கு, தினசரி உடற்பயிற்சி, குடும்பத்துக்கு நோயைப் புரியவைத்தல், பேச்சுச் சிகிச்சை ஆகியவை போதும். பேச்சுச் சிகிச்சைகளில் அதிகம் சோதிக்கப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. "நான் ஃபெயிலானா எல்லாம் முடிஞ்சது" என்ற எண்ணத்தை எடுத்துவைத்து, அதற்கு ஆதாரம் என்ன, துணைத்தேர்வு இருக்கிறதே என்று பிள்ளையையே ஆராய வைப்பதும், விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வைப்பதும் அதன் முறை.

நடுத்தர, கடும் நிலைக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் முதல் தேர்வு. அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுள்ள 439 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து 71 விழுக்காட்டினருக்குப் பலன் தந்தன. மருந்து மட்டும் பெற்றவர்களில் இது 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 விழுக்காடு. அதே ஆண்டு அமெரிக்க மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கையும் விடுத்தது: இவ்வகை மருந்து எடுத்த இளையோரில் 4 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தோன்றியது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 விழுக்காடு. அந்த ஆய்வுகளில் யாரும் இறக்கவில்லை. எனவே முதல் சில வாரங்கள் பிள்ளையை அடிக்கடி மருத்துவரிடம் காட்ட வேண்டும். குணமான பிறகும் 6 மாதம் முதல் ஓராண்டு வரை மருந்து தொடர வேண்டும். கொஞ்சம் தெளிந்ததும் "இனி எதுக்கு மாத்திரை" என்று வீட்டில் நிறுத்துவதுதான் நோய் திரும்பி வர அதிகம் காரணமாகிறது. மின்னதிர்வுச் சிகிச்சையை 18 வயதுக்கு உட்பட்டோருக்கு, காப்பாளர் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் தர 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கவில்லை.

இந்நோயில் தற்கொலை எண்ணமும் எழலாம் என்பதால், பருத்தியும் மிளகாயும் விளைவிக்கும் வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா அமைப்பை 1986இல் நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டக் கிராமங்களில் பூச்சிமருந்தை ஊருக்குப் பொதுவான பூட்டுப்பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார். அந்த ஏற்பாடு கரிசல் கிராமங்களுக்கும் வர வேண்டும். உயிரை விடத் தூண்டும் நெருக்கடி பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிக்கும். அந்த நேரம் கடந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஆகியவை இப்பகுதியினர் எட்டும் தூரத்தில் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குவோர் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பிள்ளையே பேசலாம், பெற்றோரும் பேசலாம். இரண்டு வாரம் தாண்டியும் பிள்ளை முகம் தெளியவில்லை என்றால் அடுத்த தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.