‘ராக் தர்பாரி’: இரண்டாகப் பிரிந்த வாசகர்கள்

இந்தி இலக்கியத்தில் வாசகர்கள் மனப்பாடமாக எடுத்துச் சொல்லும் நாவல்கள் மிகச் சில. ஸ்ரீலால் சுக்லவின் ‘ராக் தர்பாரி’ அவற்றுள் ஒன்று. 1968இல் வெளிவந்த இந்நாவல் அடுத்த ஆண்டே சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஆயினும் அது வெளிவந்த காலத்தில் முதன்மையான திறனாய்வாளர் சிலர் அதைக் கடுமையாக நிராகரித்தனர். பிரேம்சந்தின் மகனும் ‘கஹானி’ இதழின் ஆசிரியருமான ஸ்ரீபத் ராய், சலிப்பூட்டும் பெருநூல் என்றே இதை மதிப்பிட்டார். நேமிசந்திர ஜைனும் இதில் அதிருப்தியின் இரைச்சலையே கண்டார். ஒரே நூல் ஒரு சாராருக்குத் தீராத நகைச்சுவையாகவும் மற்றொரு சாராருக்குத் தாங்கவியலாத சலிப்பாகவும் தோன்றியது ஏன் என்பது ஆராயத்தக்க வினா.

முதற்காரணம் மரபு சார்ந்தது. பிரேம்சந்துக்குப் பிறகு இந்தி நாவலில் கிராமம் என்பது துயரத்தின் களமாக இருந்தபோதும் அறத்தின் களமாகவும் இருந்துவந்தது. 1954இல் வெளிவந்த பணீஸ்வர்நாத் ரேணுவின் ‘மைலா ஆஞ்சல்’ கிராமத்தின் அழுக்கைக் காட்டியது. அதன் பாட்டையும் பரிவையும் உடன் காட்டியது. சுக்லவின் சிவ்பால்கஞ்சில் பரிவுக்கு இடமில்லை. கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி ஆகிய மூன்றும் வைத்தியஜி என்னும் ஒரே மனிதரின் கைக்குள் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் கையாடல் நிகழ்ந்ததும் வைத்தியஜி கலங்குவதில்லை. இதுவரை கையாடலே நடக்கவில்லை என்பதால்தான் ஊரார் சங்கத்தின் மீது ஐயுற்றனர், இனி அந்த ஐயம் தீரும் என்கிறார். இத்தகைய தருக்கத்தின் மீதே நாவல் முழுவதும் நகர்கிறது. கதை மாந்தர் வளர்வதில்லை, நிகழ்ச்சிகள் ஓர் உச்சத்தை நோக்கிச் செல்வதுமில்லை. நாவலுக்குரிய வளர்ச்சியை எதிர்பார்த்தோர் இதை அங்கதக் கட்டுரைகளின் தொகுப்பாகக் கண்டதில் வியப்பில்லை. சுக்ல அங்கதக் கட்டுரையாளராகவும் பெயர் பெற்றிருந்தார்.

இரண்டாவது காரணம், நாவலை விரும்பியோர் யார் என்பதில் உள்ளது. சுக்ல உத்தரப் பிரதேச அரசின் ஆட்சிப்பணியில் இருந்தவர். தாலுகா அலுவலகத்தையும் கோப்பின் நடையையும் உள்ளிருந்து அறிந்தவர். எழுத்தர்களும் ஆசிரியர்களும் தம் அன்றாடத்தை இந்நூலில் அடையாளம் கண்டனர். திறனாய்வாளருக்கு மிகையாகத் தோன்றியது இவர்களுக்கு நடப்பாகத் தோன்றியது. சலிப்பு என்று குறைகூறப்பட்ட அதே மீள்நிகழ்வு, இவர்களுக்கு நிர்வாகத்தின் உண்மையான தாளமாக இருந்தது.

லங்கட் என்னும் பாத்திரம் இவ்விரு வாசிப்புகளும் மோதும் இடம். தாலுகா அலுவலகத்தில் ஓர் ஆவணத்தின் நகல் வேண்டி அவன் நிற்கிறான். எழுத்தர் கேட்டது ஐந்து ரூபாய். அவன் கொடுக்க முன்வந்தது இரண்டு. பேரம் முறிந்ததும் விதிப்படியே நகல் பெறுவேன் என்று அவன் சூளுரைக்கிறான். விதிப்படியே கொடுப்பேன் என்று எழுத்தரும் சூளுரைக்கிறார். நாவல் இதைத் தர்மயுத்தம்போல் விவரிக்கிறது. இறுதியில் நகல் ஆயத்தமாகிறது. அவ்வேளை அவன் காய்ச்சலில் கிடக்கிறான். கெடு கடந்ததும் நகல் விதிப்படியே அழிக்கப்படுகிறது. முதல் வாசிப்பில் இது சிரிப்பு. மறுவாசிப்பில், ஊழலைவிட விதியே கொடியதாகிவிடும் ஒரு நிலை இங்கே தெரிகிறது. சிரித்தவர் எதைக் கண்டு சிரித்தார் என்று கேட்டுக்கொள்ள நேர்கிறது.

பிற்கால எதிர்ப்புகள் வேறு திசையிலிருந்து வந்தன. இந்நாவலில் பெண்கள் ஏறத்தாழ இல்லை. பேலா என்னும் பெண்ணைப் பற்றி ஊரே பேசுகிறது. அவள் குரல் கேட்பது அரிது. தலித்துகளின் குடியிருப்பும் பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினரின் பார்வை வழியாகவே வருகிறது. இக்குறைகளை நகைச்சுவையின் பெயரால் தள்ளிவிட இயலாது. ஊரின் அதிகாரம் யாருடையது என்பதை நாவல் துல்லியமாகக் காட்டுகிறது. அவ்வதிகாரத்தின் அடி யார் மீது விழுகிறது என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டவில்லை. ஆகவே ‘சலிப்பு’ என்ற பழைய குற்றச்சாட்டு வலுவிழந்த பின்னரும், ‘யாருடைய சிரிப்பு’ என்ற புதிய வினா எஞ்சி நிற்கிறது.

நம்பிக்கையின்மை என்ற குற்றச்சாட்டு இன்னும் நுட்பமானது. எல்லாரும் கெட்டவர்கள் என்று சிரிக்கும் வாசகன் அடுத்த நாள் அதே அலுவலகத்திற்குச் சென்று அதே கையூட்டைக் கொடுக்கக்கூடும். சிரிப்பே சமாதானமாகிவிடும் ஆபத்து உண்மையானது. நாவல் இவ்வாபத்தை அறிந்தே இருக்கிறது என்பதற்கு ரங்கநாத் சான்று. நகரத்திலிருந்து உடல் தேற மாமன் வைத்தியஜியின் ஊருக்கு வரும் ஆய்வு மாணவன் அவன். அனைத்தையும் காண்கிறான், உள்ளுக்குள் வெகுள்கிறான், எதையும் மாற்றுவதில்லை. கன்னா என்னும் ஆசிரியர் கல்லூரியிலிருந்து கட்டாயமாக வெளியேற்றப்பட்டதும் அவ்விடத்தையே கல்லூரி முதல்வர் ரங்கநாத்துக்கு அளிக்க முன்வருகிறார். அவன் சினந்து மறுக்கிறான். எங்கு வேலைக்குச் சென்றாலும் அங்கேயும் ஒரு கன்னா வெளியேற்றப்பட்ட இடமே அவனுக்குக் கிடைக்கும் என்பது முதல்வரின் விடை.

நூல் 1992இல் ஜிலியன் ரைட்டின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திற்குச் சென்றது. தூர்தர்ஷன் தொடராகவும் வந்தது. 2009ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது சுக்லவுக்கு அறிவிக்கப்பட்டது; அவ்விருது கைசேர்ந்த சில நாட்களில், 2011 அக்டோபரில், அவர் மறைந்தார். இந்தச் செவ்வியல் தகுதி கருத்து வேறுபாட்டைத் தீர்த்துவிடவில்லை. பல்கலைக்கழக வகுப்பறைகளில் இந்நூலைப் படிப்போர் வைத்தியஜியைக் கண்டு எளிதில் சிரித்துவிடுகின்றனர். முதல்வர் ரங்கநாத்துக்குச் சொன்ன விடையை எட்டும்போது, கேலிக்கு உள்ளாவது தம்மைப் போன்ற ஒருவனே என்பது அவர்களுக்கு விளங்குகிறது. அந்நூலைப் பற்றிய விவாதம் தொடங்கவேண்டிய இடமும் அதுவே.