விண்ணப்பத்திலிருந்து வாதத்திற்கு: பொதுக்கடிதக் கல்வியும் ஈச்சிலம்பற்று மாணவரும்

ஓர் ஆட்சியின் தன்மையை அறிய விரும்புவோர் அவ்வாட்சி பிறப்பித்த கட்டளைகளை மாத்திரமன்றி, அதனை நோக்கி மக்கள் எழுதிய கடிதங்களையும் ஆராய்தல் வேண்டும். கட்டளை மேலிருந்து கீழே வருவது. கடிதம் கீழிருந்து மேலே செல்வது. கட்டளைகளின் வரலாறு பெரிதும் எழுதப்பட்டுள்ளது. கடிதங்களின் வரலாறோ, அவற்றை எழுதும் ஆற்றல் யாருக்கு, எவ்வாறு கிடைத்தது என்னும் வரலாறோ அத்துணை கவனத்தைப் பெறவில்லை. உயர்வகுப்பு மாணவர்க்குப் பொதுவிடயங்கள் பற்றிய கடிதங்களை எழுதப் பயிற்றுதல் ஒரு சிறு பாடப்பகுதியாகவே கருதப்பட்டு வருகிறது. ஆயின், திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில் அமைந்த ஈச்சிலம்பற்று போன்ற ஒரு பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்டு நோக்குமிடத்து, அது குடியுரிமையோடு நேரடித் தொடர்புடைய கல்வி என்பது புலனாகும்.

செய்யுளில் அமைந்த மனுக்கள்

ஆள்வோரிடம் காரணங்காட்டி வேண்டும் மரபு தமிழிற் பழைமையானது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய புறநானூற்று 35ஆம் பாடலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அரசனது குடை வெயில் மறைக்க எடுத்ததன்று, குடிகளுக்கு நிழல் செய்வது என்றும், அவனது போர் வெற்றி உழுபடையின் விளைவே என்றும், மழை பொய்ப்பினும் உலகம் அரசனையே பழிக்கும் என்றும் புலவர் படிப்படியாக எடுத்துரைக்கின்றார். அப்பாடலால் அவர் பழைய செய்க்கடன் நீங்கப் பெற்றார் என்பது அதன் அடிக்குறிப்பால் தெரிகின்றது. இன்றைய வழக்கிற் கூறின், அது நிலவரி நிலுவையைத் தள்ளுபடி செய்யக் கோரி வெற்றி பெற்ற மனுவாகும். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பாடிய 184ஆம் பாடலும் இத்தகையதே. சிறுநிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பலநாள் ஆகும். யானை தானே புகுந்தால் நூறு வயலும் அழியும். வரிகொள்ளும் முறை பற்றிய இக்கருத்தை விளக்க உவமையொன்றே போதுமானதாயிற்று.

சிலப்பதிகாரத்துக் கண்ணகியோ உவமையோடு நில்லாது சான்றினையே முன்வைத்தாள். பாண்டிமாதேவியின் சிலம்பு முத்துடையது. தன் சிலம்பு மாணிக்கம் உடையது. சிலம்பு உடைந்தபோது வழக்கும் முடிந்தது. வேண்டுகோள், காரணம், சான்று ஆகிய மூன்றும் நம் இலக்கிய மரபில் முன்னரே உள்ளன என்பது இவற்றாற் பெறப்படும்.

விண்ணப்பமும் பெட்டிசமும்

பல்லவர் செப்பேடுகளில் கொடையை வேண்டி விண்ணப்பம் செய்தவரின் பெயரும், அதனை நிறைவேற்றிய ஆணத்தியின் பெயரும் பொறிக்கப்படுதலைக் காணலாம். விண்ணப்பம் அரசமைப்பின் ஓர் அங்கமாகவே இருந்தது. எனினும், அரசன் அருளை நாடி அவையிற் செல்வாக்குடையோர் செய்ததாகவே அது பெரும்பாலும் அமைந்தது. பொதுமக்கள் பெருந்தொகையினராய்க் கையொப்பமிட்டு, கொள்கை மாற்றம் கோரி எழுதும் வழக்கம் தமிழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. 1839இல் சென்னை மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட மனுவொன்று ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் கையளிக்கப்பட்டது. உயர்கல்விக்கு வழி செய்யுமாறு அது கோரியது. 1841இல் தொடங்கப்பட்டு, பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த உயர்பள்ளி அம்முயற்சியோடு தொடர்புடையது. 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கம் பிரித்தானிய பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனு வரிவசூலில் நிகழ்ந்த சித்திரவதைகளை எடுத்துக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1855இல் அறிக்கை சமர்ப்பித்தது. கசுலு இலட்சுமிநரசு செட்டியார் இதில் முன்னின்றவர்.

இலங்கையில் 1829இல் வந்த கோல்புறூக் ஆணைக்குழு மக்களிடமிருந்து மனுக்களைப் பெற்றது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833இல் சட்டநிரூபண சபை அமைந்தது. 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’ பொதுவிடயங்களைத் தமிழ் உரைநடையில் விவாதிக்க ஒரு களத்தை அளித்தது.

இவ்வளர்ச்சி நகரங்களைச் சார்ந்தே நிகழ்ந்தது. கொட்டியாற்றுப்பற்றின் நிலை வேறு. ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் 1786இல் இப்பகுதியிற் பயணஞ்செய்து நாட்குறிப்பு எழுதினார். கிராமங்களின் நிலையும் குளங்களின் நிலையும் அதனால் அறியப்படுகின்றன. ஆனால் அங்கு நாம் கேட்பது குடிகளின் குரலை அன்று. அவர்தம் குரலை மற்றொருவர் எழுதிவைத்த குறிப்பையே. பிரித்தானியர் காலத்திலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. கச்சேரியின் மொழி ஆங்கிலமாக இருந்தமையால், குறையுடையவன் மனு எழுதிக் கொடுப்பவரை நாட வேண்டியிருந்தது. அவர் தம் வழக்கமான வாய்பாட்டில் எழுதினார். குறையுடையவன், தான் வாசித்தறிய இயலாத தாளிற் பெருவிரல் அடையாளம் இட்டான். பேச்சுவழக்கில் அது ‘பெட்டிசம்’ ஆயிற்று. அச்சொல் பின்னர் ஒருவரைப் பற்றி மேலிடத்துக்குக் கோள் எழுதுதல் என்னும் இழிபொருளையும் பெற்றமை, அக்கருவியின் மேல் மக்கள் கொண்ட ஐயத்தைக் காட்டுவதாகும்.

கடிதத்தின் மொழி

தன் மொழியில் அரசுக்கு எழுதும் உரிமை எளிதிற் கிடைத்ததன்று. 1944இல் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்க சபையில் முன்வைத்தபோது, தமிழையும் சேர்க்கும் திருத்தத்தைக் கொணர்ந்தவர் திருகோணமலை–மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா. கொட்டியாற்று மக்களும் அவரது தொகுதியைச் சார்ந்தவர்களே. திருத்தம் ஏற்கப்பட்டது. ஆயின் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரமே அரசகரும மொழியாக்கியது.

1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் இங்கு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. தமிழ் மூலம் கல்வி கற்றவர் அரசாங்க உத்தியோகத்தருடன் தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடுகளுள் ஒன்று. ஒரு கடிதத்தைத் தாய்மொழியில் எழுதுதல் பாராளுமன்றம் சட்டமியற்ற வேண்டிய விடயமாக இருந்தது. அதற்கான பிரமாணங்கள் 1966 வரை நிறைவேற்றப்படவில்லை. அவ்விடைக்காலத்தில் 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தின்போது தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணத்தில் தனி அஞ்சற் சேவையொன்றைத் தொடங்கி முத்திரைகளும் வெளியிட்டது. கடிதம் அரசியற் சின்னமானமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாம் திருத்தம் அவ்வேற்பாடுகளை விரிவாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், காரணம் கூறாமலே குடிமகன் ஒருவர் பொது அதிகாரசபையிடம் தகவல் கோரலாம். பதினான்கு வேலை நாட்களுள் அதுபற்றிய தீர்மானம் அறிவிக்கப்படல் வேண்டும்.

சட்டத்தில் வாயில் திறந்துவிட்டது. அதனூடாகச் செல்லும் ஆற்றல் எவரிடம் உண்டு என்பதே எஞ்சியுள்ள வினாவாகும்.

ஈச்சிலம்பற்றின் அனுபவம்

ஈச்சிலம்பற்று மக்களின் வாழ்க்கை நெல்வயலையும் சேனையையும் கடலையும் களப்பையும் சார்ந்தது. கரையோர வேடர் வழிவந்தோரும் வெருகற் பகுதியில் வாழ்கின்றனர். ஆறுகளும் முகத்துவாரங்களும் நிறைந்த இப்பகுதியிலிருந்து திருகோணமலை நகரை அடைய முன்னாளிற் படகுப் பாதைகள் பலவற்றைக் கடக்க வேண்டியிருந்தது. அவற்றுக்குப் பதிலாகப் பாலங்கள் அமைந்தமை போருக்குப் பிற்பட்ட நிகழ்ச்சியாகும். இத்தகைய இடத்திற் கடிதம் என்பது வெறும் தாளன்று. ஒரு நாட்கூலியும் ஒரு நாட் பயணமும் ஆகும்.

2004 திசெம்பரில் கடற்கோள் இக்கரையைத் தாக்கியது. 2006 யூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடியதைத் தொடர்ந்து போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டிலேயே மக்கள் வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புக்கும் பெயர்ந்தனர். 2007 முதல் மீளக் குடியமர்ந்தனர். பிறப்புச் சான்றிதழும் காணி அனுமதிப்பத்திரமும் அடையாள அட்டையும் இழந்த குடும்பம் ஒவ்வொன்றும் தன் வாழ்வைக் கடிதங்களின் மூலமே மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. எழுதத் தெரிந்தவர் இல்லாத வீடு வரிசையின் இறுதியில் நின்றது.

அண்மையிலுள்ள சம்பூரின் வரலாறும் இதற்குத் துணைசெய்வது. அங்கு நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்க 2011இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இடம்பெயர்ந்த மக்கள் தம் நிலத்தை நெடுங்காலம் கோரி நின்றனர். சூழலியலாளர் நீதிமன்றத்தை நாடினர். நிலத்தின் ஒரு பகுதி 2015, 2016ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டது. மின்நிலையத் திட்டமும் 2016இற் கைவிடப்பட்டது. ஆட்சி மாற்றம் உட்படப் பல காரணங்கள் இதில் ஒன்றுசேர்ந்தன. கடிதம் மாத்திரமே வென்றது என்பது மிகையாகும். ஆயினும், கோரிக்கை பதிவில் நிலைத்திராவிடின் மாறிய காலம் யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்பதைச் சிந்தித்தல் தகும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

கடிதம் எழுதுதல் பாடசாலைத் தமிழ்ப் பாடத்தில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. முகவரி, திகதி, விளி, முடிப்பு ஆகிய புறவமைப்புக்கள் அதிற் பெறும் முதன்மையை வாதம் பெறுவதில்லை. மாணவன் கற்பனையான ஊரின் கற்பனையான வீதிக்காகக் கற்பனையான தலைவருக்கு எழுதுகின்றான். தாழ்மை மிகுந்த சொற்களை அடுக்குகின்றான். அளவும் நாளும் சான்றும் குறிப்பதில்லை. இஃது அரசனின் அருளை வேண்டிய பழைய விண்ணப்பத்தின் எச்சமேயன்றி, உரிமையுடைய குடிமகனின் மொழியன்று.

மத்தியகால ஐரோப்பாவிற் கடிதக்கலை ஒரு தனிப்பாடமாகப் பயிற்றப்பட்டது. விளி, கேட்போரின் நல்லெண்ணத்தைப் பெறுதல், நிகழ்ச்சி கூறல், வேண்டுகோள், முடிவு என ஐந்து உறுப்புக்களை அதன் ஆசிரியர்கள் வகுத்தனர். வெள்ளைக்குடி நாகனாரின் பாடலிலும் அரசனைப் புகழ்தல், நிலையை விளக்கல், வேண்டுதல் என்னும் ஒழுங்கு உண்டு. ஆகவே இப்பயிற்சிக்கு அந்நிய மாதிரி இன்றியமையாததன்று. செய்யத்தக்கது இதுவே: மாணவர் தம் ஊரின் உண்மையான குறையொன்றைத் தெரிதல், அதனை அளந்தும் விசாரித்தும் அறிதல், அது பிரதேச சபையின் பொறுப்பா, பிரதேச செயலகத்தினதா, மாகாணத் திணைக்களத்தினதா எனத் துணிதல், மறுப்பவர் கூறக்கூடிய காரணத்தை முன்னரே எண்ணி விடையிறுத்தல், நிறைவேறத்தக்க வேண்டுகோள் ஒன்றைத் தெளிவாக முன்வைத்தல். இறுதியில் கடிதம் உண்மையாகவே அனுப்பப்படல் வேண்டும். பதில் வராமையும் ஒரு பாடமே. மீண்டும் எழுதுவதற்கு அது கற்பிக்கும்.

இதனால் மாணவர் அரசியலுக்கு இழுக்கப்படுவர் என அஞ்சுவோர் உளர். ஆசிரியர் தம் கருத்தை மாணவர் கையால் எழுதுவிப்பாராயின் அவ்வச்சம் நியாயமானதே. அது பழைய மனு எழுதுநரின் தொழிலைப் பாடசாலைக்குள் கொணர்வதாகும். ஆனால் விடயத்தையும் நிலைப்பாட்டையும் மாணவரே தெரிந்து, எதிர்க்கருத்தையும் எழுதிப் பழகுமிடத்து, அங்கு வளர்வது கட்சியன்று, பகுத்தறிவாகும்.

கொட்டியாற்றுக் குடிகளின் நிலையை 1786இல் அந்நியர் ஒருவர் எழுதினார். பின்னர் கச்சேரி வாசலில் இருந்தவர் எழுதினார். 1944இல் அவர்தம் மொழிக்காகப் பிரதிநிதி ஒருவர் பேசினார். தம் குறையைத் தம் மொழியில், தம் கையால், காரணத்தோடு எழுதும் தலைமுறை உருவாகும்போதே அவ்வரலாறு நிறைவெய்தும். அத்தலைமுறை ஈச்சிலம்பற்றின் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருக்கின்றது.