ஆசிரியர் பெறும் ஊதியம்

ஆசிரியப் பணிக்கு ஊதியம் இருவகை. ஒன்று, திங்கள்தோறும் கைக்கு வரும் பொருள். மற்றொன்று, மாணாக்கரின் நன்றி. முன்னது இன்ன நாளில் வரும் எனச் சொல்லலாம். பின்னது எப்போது, எவ்வழியில் வரும் என எவரும் சொல்லவியலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழநாட்டில் நிகழ்ந்த வரலாறு ஒன்று இதனை நன்கு விளக்கும்.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) தம்மிடம் பாடங்கேட்க வந்தோரிடம் பொருள் பெற்றாரல்லர். வறிய மாணாக்கர்க்கு உணவுக்கும் அவரே வழி தேடினார். சமய வேறுபாடும் பாராட்டினாரல்லர். கிறித்தவரான சவரிராயலு நாயகரும் அவர் மாணாக்கரே. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கியும் கடன் தொல்லை அவரை விடவில்லை. 1871இல் மாயூரத்தில் அவரிடம் வந்து சேர்ந்த ஏழை இளைஞரே பின்னாளில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் எனப் புகழ்பெற்றார். சாமிநாதன் என்னும் பெயரும் ஆசிரியர் விரும்பி அழைத்ததே.

ஆசிரியர் மறைந்தபின் அவர்தம் முன்னை மாணாக்கர் ஒருவர் செய்த செயல் கருதத்தக்கது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த தியாகராச செட்டியார் 1880இல் ஓய்வு பெற்றார். அவ்விடத்தில் அமரத் தக்கவர் சாமிநாதையரே எனத் துணிந்தார். திருவாவடுதுறைக்குச் சென்று, ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் இசைவைப் பெற்றுத் தம் பதவியை அவர்க்குக் கிடைக்கச் செய்தார். ஆசிரியர்க்குச் செலுத்த இயலாது போன கடனை, ஆசிரியரின் மாணாக்கர்க்குச் செலுத்தினார் எனலாம்.

அதன் விளைவு பெரிது. கும்பகோணத்திற் பணியேற்ற அவ்வாண்டிலேயே சாமிநாதையர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சீவகசிந்தாமணியைக் கற்கும் வேட்கை அச்சந்திப்பிற் பிறந்தது. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பிள்ளையவர்கள் பெரிதும் கற்பித்தவை அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் முதலியன. அவர் ஊட்டிய புலமையோ, அவர் பாடஞ்சொல்லாத நூல்களையும் ஏட்டுச்சுவடிகளினின்று மீட்கத் துணைநின்றது.

சாமிநாதையரும் நன்றி மறந்தாரல்லர். சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டார். ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் சென்றபின், முதுமையையும் பொருட்படுத்தாது, அவர் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அப்பெரும்புலவரின் அன்றாட வாழ்வையும் பாடஞ்சொல்லும் முறையையும் நாம் இத்துணை விரிவாக அறிவது அந்நூலால் அன்றோ!

இவற்றுள் ஒன்றையேனும் பிள்ளையவர்கள் கண்டாரல்லர். வகுப்பறையில் இன்று நிற்கும் ஆசிரியரும் தம் உழைப்பின் முழுப்பயனைக் காண்பது அரிதே. அதுபற்றி அவர் உளந்தளர வேண்டுவதில்லை. கற்றோராகிய நமக்கோ கடமையொன்று உண்டு. நம் ஆசிரியர் உயிரோடிருப்பின் அவரை நேரிற் கண்டு நன்றி கூறுவோம்; மறைந்திருப்பின், செட்டியார் காட்டிய வழியில், கல்வி நாடி நிற்கும் இளையவர் ஒருவர்க்குக் கைகொடுப்போம்.