நாளை வரச் சொன்ன சுவர்: ‘ஸ்திரீ’ இரண்டாம் பாகமும் பார்வையாளரின் மனக்குறையும்

அமர் கௌசிக் இயக்கிய ‘ஸ்திரீ’ என்னும் இந்திப் பேய் நகைச்சுவைப் படம் 2018 ஆகஸ்ட் 31 அன்று வெளியானது. அதன் இரண்டாம் பாகத்திற்காக ரசிகர்கள் ஏறத்தாழ ஆறாண்டுகள் காத்திருந்தனர். 2024 ஆகஸ்ட் 15 அன்று அது வந்தது. இந்தியாவில் மட்டும் நிகர வசூல் 500 கோடி ரூபாயைக் கடந்தது. இத்தனை பெரிய வெற்றியைப் பெற்ற படத்தைப் பற்றி, அதைக் கைதட்டிப் பார்த்தவர்களே ஒரு மனக்குறையையும் சேர்த்துச் சொன்னார்கள். ‘நன்றாகச் சிரித்தோம், ஆனாலும் முதல் படம்போல் இல்லை.’ எந்தத் தொடர்ச்சிப் படத்துக்கும் சொல்லப்படுகிற வழக்கமான முணுமுணுப்பு என்று நானும் அன்று இதைத் தள்ளிவிட்டேன். பிறகு யோசித்தபோது, இக்குறைக்குப் பின்னால் ஒரு சுவர் வாக்கியத்தின் வரலாறு இருப்பதாகத் தோன்றியது. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். இரண்டு படங்களின் முடிவுகளும் பேசப்படும், பார்க்காதவர்கள் பொறுத்தருள்க.

1990களில் பெங்களூரிலும் கர்நாடகத்தின் பல ஊர்களிலும் வீட்டுக் கதவுகளிலும் சுவர்களிலும் ‘நாளே பா’ என்று எழுதிவைத்தனர். இரவில் ஒரு பெண்பேய் வந்து கதவைத் தட்டும். வீட்டாருக்குப் பழக்கமான உறவினர் குரலிலேயே அழைக்கும். திறந்தால் உயிர் போகும். எழுத்தைப் படித்தால் திரும்பிப் போய்விடும், மறுநாள் வரும், மறுபடியும் படிக்கும், மறுபடியும் போகும். தெலுங்கு நாட்டிலும் இதே வதந்தி உலவியது. அங்கே சுவரில் எழுதியது ‘ஓ ஸ்திரீ, ரேப்பு ரா’. வந்தது மணப்பெண் பேய் என்பதும், அது தேடியது ஆண்களை என்பதும் சில ஊர்களின் பாடம். ஊருக்கு ஊர் கதை மாறியது. மறுநாள் வரச் சொல்லும் கட்டளை மட்டும் மாறவில்லை.

முதல் படத்தின் கதையை எழுதிய ராஜ் நிடிமோரு, கிருஷ்ணா டி.கே. இருவரும் ஆந்திரத்துக்காரர்கள், திருப்பதியில் பொறியியல் பயின்றவர்கள். மத்தியப் பிரதேசத்துச் சந்தேரியில் நடக்கும் அவர்களுடைய கதையில் சுவர்தோறும் காணப்படும் வாக்கியம் ‘ஓ ஸ்திரீ, கல் ஆனா’. படத்தைப் பற்றிய பேச்சில் கன்னட வதந்தியே மூலமாகப் பெரிதும் குறிப்பிடப்படுகிறது. ஆனால் ‘ஓ ஸ்திரீ’ என்ற விளி கன்னடச் சுவரில் இல்லை. தெலுங்குச் சுவரில்தான் இருந்தது. இந்தி வாக்கியம் தெலுங்கின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு என்பது என் ஊகம். இந்திப் பேச்சு வழக்கில் பெண்ணை ‘ஔரத்’ என்பார்கள். ‘ஸ்திரீ’ பாடப் புத்தகத்தின் சொல், இலக்கணத்தில் பெண்பாலைக் குறிக்கும் ‘ஸ்திரீலிங்’ என்பதில் வாழும் சொல். பேயைப் பார்த்து அவ்வளவு மரியாதையான வடமொழிச் சொல்லால் விளிப்பதே இந்தி காதுக்கு நகைச்சுவையாகிறது. (இந்தியில் ‘இஸ்திரி’ நம் ஊரைப்போலவே துணிக்குப் போடும் பெட்டியையும் குறிக்கும். கதாநாயகன் விக்கி பெண்களுக்குத் துணி தைக்கும் தையல்காரன் என்பதால் எனக்கு அந்த நினைவும் ஓடியது. இது என் கிறுக்கு. படத்தின் மேல் ஏற்ற வேண்டாம்.)

இந்த வாக்கியம் ஏன் வேலை செய்கிறது? ‘நாளை’ என்பது சுட்டுத்தன்மை உடைய சொல். பேசுகிற நாளை வைத்தே அதற்குப் பொருள். பேச்சில் அந்த நாள் தெளிவாக இருக்கும். சுவரில் எழுதிவிட்டால் எழுதிய நாள் மறைந்து, படிக்கிற நாளே கணக்காகிவிடும். எனவே ஒவ்வொரு இரவும் பேய்க்கு நாளை புதிதாகத் தொடங்குகிறது. சார்லஸ் ஃபில்மோர் 1971இல் சாந்தா குரூஸில் ஆற்றிய சுட்டுப்பெயர் பற்றிய சொற்பொழிவுகளை வகுப்பில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மளிகைக் கடைப் பலகைதான்: ‘இன்று ரொக்கம், நாளை கடன்’. கடன் கேட்டு வருபவரையும் உயிர் கேட்டு வருபவரையும் திருப்பி அனுப்ப ஒரே உத்தி.

இந்தியில் இவ்வுத்தி இன்னும் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ‘கல்’ என்ற சொல்லுக்கு நேற்று, நாளை என இரு பொருளும் உண்டு. வினையே எது என்று தீர்மானிக்கும். அந்த வினையும் இங்கே சாதாரண ஏவல் அன்று. ‘ஆ’, ‘ஆவோ’, ‘ஆயியே’ என்று மரியாதைப் படிகள் கொண்ட உடனடி ஏவல்களை விட்டுவிட்டு, வினைப்பெயர் வடிவமான ‘ஆனா’ வருகிறது. இப்போது அன்று, பிறகு செய் என்று சொல்லும் ஏவல் அது. ஒருமை மரியாதையின்மையும் இல்லை, மிகை வணக்கமும் இல்லை. கன்னடத்தின் ‘பா’வும் தெலுங்கின் ‘ரா’வும் நாம் பேயிடம் ‘வா’ என்று சொல்வதற்கு ஒப்பானவை. இந்தியின் ‘ஆனா’ கொஞ்சம் தள்ளி நின்று பேசுகிறது. தென்னாட்டு வதந்தி வடக்கே போனபோது இழந்தது ஒன்றுமில்லை, இலக்கண லாபமே கிடைத்தது என்பேன்.

முதல் படம் இந்த இலக்கணத்தின் மேல்தான் கட்டப்பட்டது. பேய் எழுதப் படிக்கத் தெரிந்தவள், எழுதியதற்குக் கட்டுப்படுபவள். ஆணைப் பெயர் சொல்லி அழைப்பாள். அவன் திரும்பிப் பார்த்தால்தான் கொண்டுபோவாள். அதாவது சம்மதம் கேட்கிறாள். பங்கஜ் திரிபாதியின் ருத்ரா இதை விளக்கும் காட்சியில் அரங்கம் முதலில் சிரித்தது, பிறகு ஒரு நொடி அடங்கியது என்பது என் நினைவு. திருவிழாவின் நான்கு இரவுகளில் ஊர் ஆண்கள் வீட்டுக்குள் ஒடுங்குகிறார்கள், தனியே போக அஞ்சுகிறார்கள், சேலை கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். வெளியே போகும் மனைவியிடம் சீக்கிரம் வந்துவிடு என்று கணவன் கெஞ்சுகிறான். ஒரு சொற்பொழிவும் இல்லாமல், யார் இரவில் அஞ்ச வேண்டும் என்ற வழக்கத்தைப் படம் தலைகீழாக்கியது. காஞ்சனாக்களையும் அரண்மனைகளையும் பார்த்துப் பழகிய தமிழ்ப் பார்வையாளருக்குப் பேயும் சிரிப்பும் கலப்பது புதிதன்று. பயத்தைப் பால் மாற்றிக் கொடுத்ததே இங்கே புதிது.

படத்தின் இறுதியில் சுவர் வாசகம் மாறுகிறது: ‘ஓ ஸ்திரீ, ரக்‌ஷா கர்னா’. காப்பாற்று என்ற வேண்டுதல். வினை வடிவம் அதே ‘-னா’தான். தள்ளிப்போடப் பயன்பட்ட அதே ஏவல் இப்போது பிரார்த்தனையாகிவிட்டது. அன்று அது இனிமையான முடிவாகவே தோன்றியது. யாரும் கவனிக்காத ஒன்று, பேய் இனி வர வேண்டாதவள் அல்லள், வந்தே ஆக வேண்டியவள் ஆகிவிட்டாள். இறுதிப் பகுதியின் இன்னொரு காட்சியில், சிரத்தா கபூர் நடித்த பெயரில்லாத பெண் பேருந்தில் அமர்ந்து பேயின் பின்னலைத் தன் கூந்தலோடு சேர்த்துக்கொள்கிறாள். யார் அவள் என்ற கேள்வியே ஆறாண்டுக் காத்திருப்பை வளர்த்தது. இடையில் ‘ரூஹி’ (2021), ‘பேடியா’ (2022), ‘முஞ்ஜ்யா’ (2024) ஆகியவை வந்து, ஒரு தனிக் கதை ஒரு பெருங்கதைத் தொகுதியின் உறுப்பாகிப்போனது.

இரண்டாம் பாகத்தை எழுதியவர் நிரேன் பட். பழைய வாக்கியமன்று, புதிய வாக்கியமே இவருக்குக் கிடைத்த சொத்து. ஸ்திரீ போய்விட்டாள், தலையற்ற ஆண் பேயான சர்க்கட்டா வந்துவிட்டான். அவன் கதவைத் தட்டுவதில்லை, பெயர் சொல்லி அழைப்பதில்லை, படிப்பதற்குத் தலையே இல்லை. நவீனமாக வாழ விரும்பும் பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஊர் ஆண்களின் மனத்தைத் தன் வசமாக்குகிறான். முதல் படத்தில் பேயிடமிருந்து தப்பிக்க ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. இங்கே சங்கிலியும் எரிமலைக் குழம்பும் ஓநாய் மனிதனும் தேவைப்படுகின்றன.

பார்வையாளர் கருத்துகள் இந்த இடத்தில்தான் பிரிந்தன. பெரும்பான்மையோர் ஜனா, பிட்டு, ருத்ரா கூட்டணியின் வசன வேகத்தைக் கொண்டாடினர். அதில் எனக்கும் மறுப்பில்லை, அபிஷேக் பானர்ஜி வரும் இடமெல்லாம் நானும் சிரித்தேன். சிலர் கௌரவத் தோற்றங்களும் வரைகலையும் கதையை விழுங்கிவிட்டன என்றனர். பெண்களைக் காக்கும் கதையில் தமன்னாவின் ஆட்டம் எதற்கு என்று கேட்டவர்களும், அந்த ஆட்டம்தான் படத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றது என்று பதில் சொன்னவர்களும் உண்டு. வெற்றி நாயகனால் வந்ததா நாயகியால் வந்ததா என்ற சண்டை வாரக்கணக்கில் நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் ஆய்வுத் தோழி ஒருவர் மட்டும் என் கட்சியை நேரடியாக மறுத்தார். ‘முதல் படத்தில் ஆண்கள் பயந்ததைப் பார்த்துச் சிரித்தாய். அது கற்பனை. இரண்டாவதில் பெண்கள் காணாமல் போகிறார்கள். அது செய்தித்தாள். உனக்குக் கற்பனை பிடித்தது, அவ்வளவுதான்.’ இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. காரணம், படம் வந்த வாரம். ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் வங்கத்தின் நகரங்களில் பெண்கள் இரவைத் தமதாக்கிக்கொள்ளத் தெருவில் இறங்கினர். படத்தின் முன்காட்சிகள் நாட்டின் அரங்குகளில் தொடங்கியதும் அதே இரவில்தான். நான் மறுநாள் மாலை ஐதராபாத்தில் பார்த்தேன். சர்க்கட்டா ஒரு பெண்ணைச் சுவரை உடைத்து இழுத்துச் செல்லும்போது, பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் பேசாமல் இருந்தார்கள்.

ஆனாலும் தோழியின் வாதத்தில் ஒன்றை ஏற்க முடியவில்லை. செய்தித்தாளைத் திரையில் காட்டுவதற்கும், செய்தித்தாளில் உள்ள ஒழுங்கைக் கவிழ்த்துக் காட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாம் பாகத்தில் பெண் மறுபடியும் வீட்டுக்குள் இருக்க வேண்டியவள். அவளைக் காக்க மேலும் ஆற்றலுள்ள ஒரு பெண் வர வேண்டியிருக்கிறது. ‘முதல் படம்போல் இல்லை’ என்றவர்கள் இழந்ததாக உணர்ந்தது இந்தக் கவிழ்ப்பைத்தான் என்று நினைக்கிறேன்.

தெலங்கானாவின் சிறு நகரம் ஒன்றில் வளர்ந்த நண்பர் ஒருவரின் தாயார் எங்களோடு அன்று படம் பார்க்க வந்திருந்தார். அவர்கள் வீட்டு மதிலிலும் ஒரு காலத்தில் ‘ஓ ஸ்திரீ, ரேப்பு ரா’ இருந்ததாம். படம் எப்படி அம்மா என்று கேட்டேன். ‘இந்தப் பேய் கதவையே தட்டவில்லையே’ என்றார். மதிலில் யார் எழுதியது என்று கேட்டதற்கு, அண்ணன்மார் இருவரும் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு ஓடியதைச் சொல்லிச் சிரித்தார். ‘நீங்கள் பயப்படவில்லையா?’

‘எனக்கென்ன பயம்? அவள் வந்தது ஆண்பிள்ளைகளைத் தேடி. அந்த ஒரு மாதம்தான் எங்கள் தெருவில் பெண்கள் இருட்டிய பிறகும் கோலப் பொடி வாங்கக் கடைக்குப் போய் வந்தோம். தெருவில் ஓர் ஆள் நிற்க மாட்டான்.’