எடையில் கசியும் ரகசியம்

மூடிய பெட்டி ஒன்று நிறத்தை மறைக்கும், வடிவத்தை மறைக்கும், பெயரையும் மறைக்கும். எடையை மட்டும் அதனால் மறைக்க முடியாது. உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி அடைத்து விற்கப்படும் பொம்மைகளின் வரலாற்றைப் படிக்கையில், இந்தச் சின்ன உண்மையைச் சுற்றியே விற்பவரும் வாங்குபவரும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பொம்மை வரலாற்றுக்கு இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். ஒருவர் அறிந்துகொண்டால் அந்த அறிவுக்கான விலையை இன்னொருவர் செலுத்த நேர்கிறதா என்ற கேள்வி, பொம்மைக் கடையைவிடப் பெரியது.

உணவுப் பொட்டலத்துக்குள் பரிசு வைக்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் கிராக்கர் ஜாக் சோளப்பொரிப் பொட்டலங்களில் 1912 முதலே சிறு பரிசுகள் இருந்தன. ஆனால் அங்கே பொரிதான் சரக்கு, பரிசு கொசுறு. கொசுறே சரக்காக மாறிய கதையை 1974இல் இத்தாலியின் ஃபெரேரோ நிறுவனம் கொண்டுவந்த கிண்டர் முட்டையிலிருந்து தொடங்கலாம். வெளியே 20 கிராம் சாக்லேட் ஓடு, உள்ளே மஞ்சள் கருவை நினைவூட்டும் நெகிழிக் குப்பி, குப்பிக்குள் பொம்மை. ஈஸ்டர் பண்டிகைக்கு இத்தாலியக் குழந்தைகளுக்குக் கிடைத்துவந்த பரிசு முட்டையை ஆண்டு முழுவதும் கிடைக்கச் செய்யவேண்டும் என்பதே யோசனை. மிக்கேல் ஃபெரேரோவும் அவரிடம் பணிபுரிந்த வில்லியம் சாலிச்சேயும் இதன் பின்னால் இருந்தவர்கள்.

முட்டை பிறந்தது இத்தாலியில் என்றாலும் அதைத் தராசில் ஏற்றிய கலாசாரம் ஜெர்மனியில்தான் செழித்தது. பெரும்பாலான முட்டைகளில் துண்டு துண்டாக வரும், பொருத்தி விளையாடவேண்டிய சிறு பொம்மைகள். சிலவற்றில் மட்டும் முழுதாக வார்த்து, கையால் வண்ணம் தீட்டிய உருவங்கள். 1988இல் ஆந்த்ரே ரோஷ் என்ற ஓவியர் வரைந்த நீர்யானைக் குடும்பம் வந்தபோது அந்நாட்டில் குழந்தைகளைக் காட்டிலும் பெரியவர்களே அதிகம் மயங்கினார்கள். ஒவ்வொரு ஏழாவது முட்டையிலும் ஒரு உருவம் உண்டு என்று விளம்பரம் சொன்னது. ஏழில் ஒன்று என்பது விசித்திரமான எண். நம்பிக்கை இழக்கும் அளவுக்கு அரிதுமல்ல, அலுத்துப்போகும் அளவுக்கு எளிதுமல்ல.

முழு உருவம் துண்டுப் பொம்மையைவிடச் சற்றுக் கனமானது. குப்பிக்குள் அசையும் விதமும் வேறு. துண்டுகள் கலகலக்கும், உருவம் மந்தமாக முட்டும். ஆகவே ஜெர்மன் சேகரிப்பாளர்கள் கடையின் சாக்லேட் அடுக்கருகே நின்று முட்டையைக் காதோரம் குலுக்கினார்கள். பல்பொருள் அங்காடிகளில் காய்கறி நிறுக்க வைத்திருந்த தராசிலும் கொண்டுபோய் வைத்தார்கள். உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் உரிய தராசில், கௌரவமான உடை அணிந்த பெரியவர்கள் சாக்லேட் முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து எடுக்கும் காட்சியைக் கற்பனை செய்தால் சிரிப்பு வரலாம். அந்தச் சிரிப்புக்குள் ஒரு நுட்பமான சிக்கலும் இருந்தது. சாக்லேட் ஓடு எல்லா முட்டையிலும் துல்லியமாக ஒரே எடை இருப்பதில்லை. ஓடு சற்றுத் தடித்திருந்தால் சாதாரண முட்டையும் கனமாகத் தோன்றும். உள்ளே இருப்பதன் வேறுபாடும் ஓட்டின் வேறுபாடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்போது தராசு அரை உண்மைதான் பேசும். மீதியைக் காது சொல்லவேண்டும். எடையும் ஒலியும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் தீர்ப்பு.

இந்தக் கட்டம் வரை விஷயம் பெரும்பாலும் வேடிக்கைதான். நிறுத்தவர் தோற்றால் சாக்லேட் மிஞ்சும். நிறுக்காதவர் தோற்றாலும் சாக்லேட் மிஞ்சும்.

வேடிக்கை வியாபாரமாக மாறியது அட்டைகளில். பொம்மைக்குப் பதில் படஅட்டை என்றாலும் இக்கதை அதை விட்டுவிட்டு முழுமையடையாது. 1999 ஜனவரியில் போக்கிமான் அட்டைகளை விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. முதல் தொகுதியின் ஒரு பொட்டலத்தில் 11 அட்டைகள். அவற்றில் ஒன்று அரிய அட்டை. சராசரியாக மூன்று பொட்டலத்துக்கு ஒன்றில் அந்த அரிய அட்டை மினுங்கும் படலம் ஒட்டியதாக இருக்கும். படலத்துக்கு எடை உண்டு. வேறுபாடு ஒரு கிராமில் பத்தில் சில பங்குகள்தான். நம் பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணி ஏறக்குறைய 0.12 கிராம் என்பதால், இரண்டு மூன்று குன்றிமணிக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சமையலறைத் தராசுக்கு அது தெரியாது. நகைத் தராசுக்குத் தெரியும்.

ஒரு பெட்டியில் 36 பொட்டலங்கள். பெட்டியை வாங்கிய வியாபாரி எல்லாவற்றையும் நிறுத்து, கனமானவற்றைத் தனியே எடுத்துக்கொண்டு, இலேசானவற்றைக் கல்லாவின் அருகே ஒவ்வொன்றாக விற்கலாம். உறை பிரிக்கப்படவில்லை; முத்திரை உடையவில்லை; சட்டென்று பார்த்தால் எந்தக் குற்றமும் நடக்கவில்லை. ஆனால் தன் கைச்செலவுக் காசைக் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கும் சிறுவனுக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் அவனுக்கு எஞ்சியிருப்பது ஏறக்குறைய சூனியம். பொட்டலத்தின் உள்ளே எதுவும் மாறவில்லை, பொட்டலத்தைப் பற்றிய உண்மை மட்டும் மாறிவிட்டது. இதைத்தான் நாம் மோசடி என்று தயங்காமல் சொல்வோம். நிறுத்தது அல்ல மோசடி. நிறுத்த பிறகு நிறுக்காதது போல விற்றது.

காலம் செல்லச் செல்ல அந்தச் சந்தை தனக்கென்று ஒரு சொற்கோவையை உருவாக்கிக்கொண்டது. பிரிக்கப்படாத பழைய பொட்டலங்கள் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. அவற்றை விற்பவர்கள் 'கனமானது' என்றும் 'இலேசானது' என்றும் பகிரங்கமாகவே வகைப்படுத்துகிறார்கள். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: 'நிறுக்கப்படாதது'. நம்மை மிகவும் யோசிக்க வைத்தது இந்தச் சொல்தான். இங்கே விற்பனைக்கு வருவது பொருளன்று, அறியாமை. அதுவும் விற்பவர் தாமே அறியவில்லை என்று கொடுக்கும் வாக்குறுதி. பொட்டலம் கனமா என்று தராசில் வைத்துத் தெரிந்துகொள்ளலாம். ஒருவர் தராசில் வைக்கவில்லை என்பதை எந்தத் தராசில் வைப்பது? வள்ளுவர் நடுநிலைக்குத் தராசை உவமையாக்கினார். இங்கே தராசைத் தொடாததே நடுநிலைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

நிறுவனங்கள் பிற்காலத்தில் மாற்று வழி கண்டன. 2011இல் போக்கிமான் அட்டை விளையாட்டின் இணைய வடிவம் வந்தபோது, அதற்கான குறியீட்டுச் சீட்டு ஒன்று பொட்டலங்களுக்குள் சேர்ந்தது. பிறகு அச்சீட்டுகளின் எடை வேறுபாடே அரிய அட்டையின் எடையை ஈடுகட்டத் துணைநின்றது. 2023இல் தொடங்கிய தொகுதிகளில் ஒவ்வொரு பொட்டலத்திலும் குறைந்தது மூன்று மினுங்கும் அட்டைகள் உண்டு என்றாகிவிட்டது. எல்லாம் மினுங்கினால் எடை யாரையும் காட்டிக்கொடுக்காது.

மீண்டும் பொம்மைகளுக்கு வருவோம். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2010இல் தன் குட்டி மனிதர்களை உள்ளே தெரியாத நெகிழிப் பைகளில் விற்கத் தொடங்கியது. முதல் வரிசையில் 16 பேர். தொடக்கத்தில் பையின் பின்புறக் கோட்டுக்குறியீடே ஆளைக் காட்டிக்கொடுத்தது; அதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். மூன்றாம் வரிசையில் பையின் விளிம்பில் பார்வையற்றோர் எழுத்தைப் போன்ற புள்ளிகள் இருந்தன, அதையும் படித்தார்கள். அந்த வழிகள் அடைபட்டதும் விரல்களுக்குத் திரும்பினார்கள். பையை மெல்லத் தடவி வாளா, தொப்பியா, கித்தாரா என்று கண்டறிவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. 2013இல் பத்தாம் வரிசையில் உலகம் முழுவதற்குமாக 5,000 பொன்னிற மனிதர்களை மட்டும் நிறுவனம் கலந்து அனுப்பியபோது கடைகளில் தடவப்படாத பை எஞ்சியிருக்காது என்றே எண்ணுகிறோம்.

2023 செப்டம்பரில் நெகிழிப் பை போய் அட்டைப் பெட்டி வந்தது. சுற்றுச்சூழல் கருதி நெகிழியைக் குறைப்பதே நோக்கம். ஆனால் விரல்களின் வேலையும் அன்றோடு முடிந்தது. பார்வையும் தொடுகையும் அடைபட்டபின் எஞ்சியது எடை. ரசிகர்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் நகைத் தராசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் எத்தனை கிராம் என்று அட்டவணைகள் வெளிவந்தன. கேடயமும் விலங்குத் துணையும் உடையவர் கனமானவர், வெறுங்கையர் இலேசானவர். இடையில் இருப்பவர்கள்தான் தொல்லை. இருவரின் எடை பத்தில் ஒரு கிராம் அளவிலேயே வேறுபடும்போது, ஈரம் உறிஞ்சிய அட்டைப் பெட்டி ஒன்றே கணக்கைக் குழப்பிவிடும்.

இதில் ஒரு முரண் உண்டு. லெகோ தன் தொழிற்சாலையில் பொட்டலங்களில் எந்தத் துண்டும் விடுபடவில்லை என்று உறுதிசெய்வதே துல்லியமான தராசுகளை வைத்துத்தான். எடை குறைந்தால் ஏதோ ஒரு துண்டு இல்லை என்று பொருள். அந்தப் பொட்டலம் வரிசையிலிருந்து ஒதுக்கப்படும். ஆகக் கடையில் ரசிகன் செய்வது, தொழிற்சாலை ஏற்கெனவே செய்த சோதனையின் இன்னொரு முறை மட்டுமே. அதிக காலம் இந்தத் தராசுக்கும் தேவை இருக்கவில்லை. பெட்டியின் அடியில் அச்சாகியிருந்த சதுரக் குறியீட்டைக் கைபேசியால் படித்து ஆளைச் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன.

லெகோவை நிறுப்பவரையும் போக்கிமானை நிறுப்பவரையும் ஒரே கண்ணால் பார்க்க நமக்கு மனமில்லை. 2024 ஜனவரியில் வந்த 25ஆம் வரிசையின் 36 பெட்டிகள் கொண்ட பேழையில் 12 பேரின் மூன்று முழுத் தொகுப்புகள் இருந்தன. யாரும் யாரைவிடவும் அரியவரல்லர். தன்னிடம் இருப்பவரே மறுபடி வரவேண்டாம் என்றோ, குழந்தை கேட்ட ஆளே கிடைக்கட்டும் என்றோ நிறுக்கும் தாய், அடுத்தவர் பங்கைப் பறிப்பதில்லை. ஒருவர் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போவது இன்னொருவர் தேடுவதாக இருக்கலாம். அரியது ஒன்று, மற்றவை சாதாரணம் என்று படிநிலை வகுக்கப்பட்ட இடத்தில்தான் தராசு கூர்மையடைகிறது.

அந்தப் படிநிலையின் உச்சத்தைச் சீனாவில் பார்க்கிறோம். அங்கே இவற்றுக்குப் பெயரே 'குருட்டுப் பெட்டி'. 2010இல் வாங் நிங் பெய்ஜிங்கில் தொடங்கிய பாப் மார்ட், 2016இல் ஹாங்காங் கலைஞர் கென்னி வோங்கின் மோலி பொம்மைகளால் இதைப் பெருந்தொழிலாக்கி, 2020 டிசம்பரில் ஹாங்காங் பங்குச்சந்தையில் நுழைந்தது. ஒரு வரிசையில் பொதுவாக 12 பொம்மைகள். அவற்றோடு பட்டியலில் நிழலுருவாக மட்டும் காட்டப்படும் ஒரு ரகசியப் பொம்மை. பல வரிசைகளில் அது கிடைக்கும் வாய்ப்பு 144இல் ஒன்று. காசிங் லுங் படைத்த லபுபு 2024க்குப் பிறகு உலகெங்கும் பரவியபோது அதன் தொங்கட்டான் வரிசைகளில் வாய்ப்பு 72இல் ஒன்று. கடையில் பெட்டியைக் குலுக்கிக் கேட்பது அங்கே தனிப்பெயர் பெற்ற வழக்கம். குலுக்குவோர், நிறுப்போர், அட்டவணை எழுதுவோர் என்று ஜெர்மானிய முட்டைக் காலத்தின் அத்தனை பாத்திரங்களும் வேறு உடையில் திரும்பிவந்தார்கள்.

இங்கேதான் வியாபாரம் ஒருபடி மேலே சென்றது. 2018இல் பாப் மார்ட் தொடங்கிய கைபேசி விற்பனை முறையில் திரையில் தெரியும் பெட்டியைக் குலுக்கலாம். 'இது இன்ன பொம்மை அல்ல' என்று குறிப்புக் கிடைக்கும். கசிவை அடைக்க முயன்றவர்களின் வரிசையில், கசிவையே சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்த முதல் வியாபாரிகள் இவர்களாக இருக்கக்கூடும். அந்தத் திரைப்பெட்டிக்கு எடை கிடையாது. தராசுக்காரர் அங்கே நிராயுதபாணி.

2023 ஜூனில் சீனச் சந்தை ஒழுங்காற்று அமைப்பு குருட்டுப் பெட்டிகளுக்கு விதிமுறை வெளியிட்டது. எட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்கக்கூடாது. எந்தப் பொம்மைக்கு எத்தனை வாய்ப்பு என்பதை வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். நல்ல விதிதான். ஆயினும் பெட்டியின்மேல் அச்சிட்ட 144இல் ஒன்று என்பது தொழிற்சாலை வாசலில் உண்மை. நகைத் தராசோடு வந்த ஒருவர் காலையில் அலமாரியைச் சலித்துவிட்டுப் போனபின், மாலையில் வருபவருக்கு அது உண்மையல்ல. அச்சு அப்படியே இருக்கிறது. விலையும் அப்படியே இருக்கிறது. இந்த இடைவெளியை எந்த விதிமுறையும் எட்டவில்லை. வெவ்வேறு மதிப்புள்ளவற்றை ஒரே விலைக்கு விற்று, வாங்குபவன் மட்டும் அறியாமல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்த நிறுவனத்துக்காக நாம் கண்ணீர் சிந்தப்போவதில்லை. மாலையில் வருபவரின் கணக்கு வேறு.

2024இல் அமெரிக்காவில் ஒரு தொழில்துறை ஆய்வு நிறுவனம், பிரிக்கப்படாத போக்கிமான் பொட்டலங்களை மருத்துவமனைகளில் உள்ளதைப் போன்ற சி.டி. ஸ்கேன் கருவியில் வைத்து, உள்ளே எந்த அட்டை என்று கட்டணத்துக்குச் சொல்லத் தொடங்கியது. 'நிறுக்கப்படாதது' என்று எழுதி விற்றுவந்தவர்கள் இனி 'ஸ்கேன் செய்யப்படாதது' என்றும் சேர்த்து எழுதவேண்டியிருக்கும்.