மின்வில்லிலிருந்து அயனிக்கு: ஃபுல்லரீன் பிளாஸ்மாவின் வரலாறு (1985–2003)

ஆய்வுச் சுருக்கம்

ஃபுல்லரீனின் வரலாறு 1985ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பில் தொடங்கி 1996ஆம் ஆண்டின் நோபல் பரிசோடு நிறைவுறுவதாகவே பெரிதும் எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் பிளாஸ்மா இயற்பியலின் பங்கு போதிய இடம் பெறவில்லை. பிளாஸ்மாவில் விளைந்த பொருளாக இருந்த ஃபுல்லரீன், பின்னர் பிளாஸ்மாவின் உறுப்பாகவே மாறி, கார்பன் நானோகுழாய்களைத் திருத்தும் கருவியான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஃபுல்லரீன், பிளாஸ்மா, கார்பன் நானோகுழாய், அயனி, செண்டாய்.

முன்னுரை

அறுபது கார்பன் அணுக்கள் பந்து வடிவில் இணைந்த மூலக்கூறு இருக்கக்கூடும் என்று ஜப்பானைச் சேர்ந்த எய்ஜி ஒசாவா 1970இல் எழுதினார். அக்கட்டுரை ஜப்பானிய மொழியில் வெளிவந்தமையால் பிற நாட்டு ஆய்வாளரின் கவனத்தை உடனே பெறவில்லை. 1985இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோர் மாணவர்களுடன் சேர்ந்து, கிராஃபைட்டை லேசர் கதிரால் ஆவியாக்கி, ஹீலியம் வளிமத்தில் குளிரச் செய்து, சி60 மூலக்கூறை நிறைநிரலில் அடையாளம் கண்டனர். ஆயினும் அங்குக் கிடைத்தது கையில் எடுத்து ஆராயத்தக்க பொருள் அன்று. நிறைநிரலில் உயர்ந்து நின்ற ஒரு முகடு மட்டுமே.

உற்பத்தியும் மின்வில்லும்

அம்முகட்டைப் பொருளாக்கியவர்கள் வானியற்பியல் நோக்கில் கார்பன் துகள்களை ஆராய்ந்து வந்த கிரேட்ச்மரும் ஹஃப்மனும் ஆவர். விண்மீன்களுக்கு இடைப்பட்ட தூசியின் இயல்பை அறிய அவர்கள் கிராஃபைட் தண்டுகளை ஹீலியத்தில் சூடாக்கிக் கரியைத் திரட்டினர். 1990இல் அக்கரியை பென்சீனில் இட்டபோது சி60 சிவப்புக் கரைசலாகப் பிரிந்து வந்தது. விரைவிலேயே, தண்டுகளிடையே மின்வில்லை உண்டாக்கும் முறை பரவலாயிற்று. மின்வில் என்பது வெப்பப் பிளாஸ்மா. 1991இல் சுமியோ இஜிமா இத்தகைய மின்வில்லின் எதிர்மின்முனைப் படிவிலேயே கார்பன் நானோகுழாய்களைக் கண்டார். இக்கட்டத்தில் பிளாஸ்மா ஓர் உலைக்களமாகவே பயன்பட்டது. கார்பன் அதில் ஆவியாயிற்று. குளிர்ந்தபின் விளைபொருள் திரட்டப்பட்டது.

செண்டாய் மரபு

அடுத்த கட்டம் வேறொரு துறையிலிருந்து வந்தது. 1960இல் ரின், டி'ஆஞ்சலோ ஆகியோர் அமைத்த க்யூ இயந்திரம் அடிப்படைப் பிளாஸ்மா ஆய்வுக்கு உரியது. சூடான டங்ஸ்டன் தகட்டில் பொட்டாசியம், சீசியம் போன்ற கார உலோக ஆவி படும்போது அணு தன் எலக்ட்ரானை இழக்கும். தகடும் எலக்ட்ரான்களை வெளியிடும். சீசியத்தின் அயனியாக்க ஆற்றல் 3.89 எலக்ட்ரான் வோல்ட்டாகவும், டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட்டாகவும் இருத்தலே இதன் அடிப்படை. இவ்வாறு அமைதியான, வெப்பநிலை குறைந்த பிளாஸ்மா கிட்டும்.

ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹோகு பல்கலைக்கழகத்தில் நோரியோஷி சாட்டோ, ரிகிசோ ஹதாகேயாமா முதலியோர் இம்மரபைப் பின்பற்றினர். அவர்கள் பொட்டாசியப் பிளாஸ்மாவினுள் சி60 ஆவியைச் செலுத்தினர். சி60 எலக்ட்ரானை எளிதில் ஏற்கும் இயல்புடையது. ஆதலால் எதிர்மின் அயனியாக மாறி, பொட்டாசிய நேர்மின் அயனியுடன் பிளாஸ்மாவின் உறுப்பாக நின்றது. இவ்வாய்வு 1994இல் வெளியாயிற்று. உலையின் விளைபொருள் இங்கு உலைக்களத்தின் பகுதியாகிவிட்டது.

இதன் உச்சமாக, 2003இல் ஊஹாராவும் ஹதாகேயாமாவும் சி60இன் நேர்மின், எதிர்மின் அயனிகள் மட்டுமே கொண்ட இணை அயனிப் பிளாஸ்மாவை உருவாக்கினர். வழக்கமான பிளாஸ்மாவில் எலக்ட்ரான் மிக இலகுவானது, அயனி கனமானது. இங்கோ இருவகை அயனிகளும் ஒரே நிறையுடையவை. எனவே, எலக்ட்ரான்–பாசிட்ரான் பிளாஸ்மாவைப் பற்றிக் கோட்பாட்டளவில் எண்ணியதை ஒத்த நிலையை ஆய்வகத்தில் ஆராய வாய்ப்பு ஏற்பட்டது.

நானோகுழாய்களின் திருத்தம்

1998இல் ஸ்மித், மோந்தியூ, லுட்சி ஆகியோர் ஒற்றைச் சுவர் நானோகுழாய்க்குள் சி60 மூலக்கூறுகள் வரிசையாக அமைந்திருப்பதைக் கண்டனர். நெற்றினுள் பட்டாணி போன்ற தோற்றம் அது. வெப்பத்தால் அடையத்தக்க இந்நிரப்புதலை மின்னழுத்தத்தால் நெறிப்படுத்தலாம் என்பதே செண்டாய் ஆய்வாளரின் பங்களிப்பு. நானோகுழாய்கள் பூசிய தகட்டுக்கு நேர்மின்னழுத்தம் தந்தால் சி60 எதிர்மின் அயனிகள் விரைந்து மோதும். 2001இல் வெளியான ஆய்வு, அம்மோதலால் குழாய்ச் சுவர் உருமாறுவதையும் சி60 உட்புகுவதையும் ஒருங்கே காட்டியது. மின்னழுத்தத்தின் குறியை மாற்றினால் சீசியம் போன்ற கார உலோக அயனிகளைச் செலுத்தலாம். சீசியம் எலக்ட்ரானை வழங்கும், சி60 ஏற்கும். ஆகவே குழாயின் மின்கடத்தும் பண்பை இருதிசையிலும் மாற்ற வழி பிறந்தது. எனினும், காந்தப்புலத்தில் அடங்கிய இத்தகைய பிளாஸ்மா அடர்த்தி குறைந்தது என்பதால், இம்முறை பெருமளவு உற்பத்திக்கு எளிதில் பொருந்துவதன்று.

முடிவுரை

மேற்கண்ட வளர்ச்சி மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. ஒன்று, ஃபுல்லரீன் ஆய்வகப் பொருளானது 1985இல் அன்று. 1990இல் உற்பத்தி முறை கைவந்தபோதுதான். இரண்டு, அம்முறையும் அதன்பின் வந்த திருத்தமுறையும் வேதியியலுக்குப் புறம்பான வானியற்பியல், பிளாஸ்மா இயற்பியல் துறைகளில் முளைத்தவை. மூன்று, வேறு நோக்கத்திற்காக 1960இல் அமைக்கப்பட்ட கருவியே நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நானோகுழாயின் உட்புறத்தை எட்டியது. எனவே அறிவியல் வரலாற்றை எழுதுவோர், பரிசு பெற்ற கண்டுபிடிப்புகளின் நிரலோடு நின்றுவிடாமல், துறைவிட்டுத் துறை பெயரும் கருவிகளின் வழித்தடத்தையும் தொடர்ந்து பதிவுசெய்தல் வேண்டும்.